டூல்: இங்கே ஆள் இருக்கிறார்கள்

போன ஞாயிற்றுக்கிழமை பெல்ஜியத்தின் துறைமுக நகரமான ஆண்ட்வெர்ப்பிலிருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு லில்லோ வரை போய், அங்கிருந்து படகில் ஷெல்டே ஆற்றைத் தாண்டி டூல் கிராமத்தில் இறங்கினேன். ஆற்றங்கரை மேட்டில் ஏறி நின்றால் வலப்பக்கம் அணுமின் நிலையத்தின் இரண்டு ராட்சதக் கோபுரங்கள், ஒவ்வொன்றும் சுமார் 170 மீட்டர் உயரம். இடப்பக்கம் துறைமுகத்தின் கண்டெய்னர் கிரேன்கள். நடுவே, 17ஆம் நூற்றாண்டுச் செங்கல் காற்றாலை ஒன்று அந்தக் கரைமேட்டிலேயே தன்பாட்டுக்கு நிற்கிறது. இரண்டு கோபுரங்களில் ஒன்றில் மட்டும்தான் நீராவி. மற்றதற்குரிய மூன்றாம் உலையை 2022-லேயே நிறுத்திவிட்டார்கள்.

டச்சு மொழியில் 'டூல்' என்றால் இலக்கு. ஃபுட்பால் கோலுக்கும் அதே வார்த்தைதான். இந்த ஊருக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள், ஆளாளுக்கு இதைத்தான் குறி வைத்திருக்கிறார்கள். 1580-களில் ஆண்ட்வெர்ப் முற்றுகையின்போது சுற்றுவட்டார நிலத்தை வேண்டுமென்றே வெள்ளத்தில் மூழ்கடித்தார்கள். 1614 வாக்கில் மறுபடி கரை கட்டி நிலத்தை மீட்டபோது, தெருக்களைச் சதுரங்கக் கட்டம் மாதிரி நேர்நேராகப் போட்டார்கள். அந்தக் கட்டம் இன்றும் அப்படியே இருக்கிறது. திக்குத் தெரியாமல் போவதில் வல்லவனான எனக்கே இந்த ஊரில் வழி தவறவில்லை.

அப்புறம் வந்தது துறைமுகம். 1960-களிலிருந்தே அது விரிய இடம் கேட்டது. 1970-களின் தொடக்கத்தில் சுமார் 1300 பேர் இருந்த ஊர், வீடு வீடாகக் காலியானது. துறைமுகத்துக்காக வாங்கிய வீடுகளில் பலவற்றை இடித்தார்கள், மிச்சத்தைப் பூட்டிப்போட்டார்கள். 2005-ல் பக்கத்திலேயே பெரிய கப்பல்துறை திறந்தது. காலியான சுவர்களில் ஓவியர்கள் புகுந்தார்கள். கெண்ட் நகரத்து ரோவா வரைந்த பிரம்மாண்ட மிருகங்களைத் தேடி ஆட்கள் கேமராவோடு வர ஆரம்பித்தார்கள். பேய் ஊர் என்ற பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஒரு தெருவில் வரிசையாக ஏழெட்டு வீடுகள், ஜன்னல்களில் தகரம் அடித்து, படிக்கட்டு இடுக்கில் புல் முளைத்து. கடைசி வீட்டில் மட்டும் வெள்ளைத் திரைச்சீலை, துடைத்த ஜன்னல் விளிம்பில் மூன்று ஜெரேனியம் தொட்டிகள். கதவில் கையால் எழுதிய அட்டை: 'பெவோண்ட்'. ஆள் குடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் போனை எடுத்ததும் உள்ளே நாய் குரைத்தது. போனைப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தேன்.

ஊர் இருக்கட்டும் என்று இந்தப் பகுதியை ஆளும் ஃபிளெமிஷ் மாநில அரசு 2022-ல் ஒருவழியாக ஒப்புக்கொண்டது. சரி, ஆனால் போனவர்கள் எல்லாம் அதற்குள் வேறு ஊரில் பேரன் பேத்தி எடுத்திருப்பார்களே.

ஓவியர் ரூபன்ஸின் குடும்பத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் 'ஹோக்ஹவுஸ்' மாளிகையை வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது. படகுக்கு நேரமாகிவிட்டது. கரைமேட்டில் ஓடும்போது காற்றாலைக்குப் பின்னால் ஒரு கண்டெய்னர் கப்பல் போய்க்கொண்டிருந்தது, ஆலையின் இறக்கைகளை விட உயரமாக, சத்தமே இல்லாமல்.