லைப்சிக் நாட்குறிப்பு: ஷூமானின் 16 பாடல்கள்

ஏப்ரல் 22

ஜூன் கச்சேரியில் 'டிஷ்டர்லீபே' (கவிஞனின் காதல்) முழுவதையும் பாடப்போவது இன்று உறுதியாகிவிட்டது. இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமான் இதே லைப்சிக்கில், 1840 மே 24-இல் தொடங்கி ஜூன் 1-க்குள் எழுதி முடித்த பாடல் தொடர். கவிதைகள் ஜெர்மன் கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனேயுடையவை. முதலில் 20 பாட்டு இருந்தன. 1844-இல் அச்சேறியபோது 16 ஆகிவிட்டன. விடுபட்ட நான்கையும் சேர்த்துப் பாடுகிறவர்கள் உண்டு. நாங்கள் 16-ஐத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

கவிதையில் பேசுகிறவன் ஆண். என்னுடையது மெஸ்ஸோ குரல், பெண் குரல்களில் நடுத்தரமானது. 'பெண் பாடலாமா?' என்று இன்னமும் கேட்கிறார்கள். ஷூமான் இதைச் சமர்ப்பித்ததே வில்ஹெல்மீனே ஷ்ரோடர்-டெவ்ரியென்ட் என்ற பாடகிக்குத்தான். 1941-இல் பாடகி லோட்டே லேமான் பாட, ப்ரூனோ வால்டர் பியானோ வாசித்த இசைத்தட்டும் இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஏப்ரல் 29

சுருதி பற்றி நீண்ட பேச்சு. தாழ்ந்த குரலுக்கான பதிப்புகளில் ஒவ்வொரு பாட்டையும் ஒவ்வொரு அளவு இறக்கியிருப்பார்கள். தொண்டைக்குச் சுகம், ஆனால் எனக்கு அதில் சம்மதமில்லை. ஷூமான் பாட்டுக்குப் பாட்டு சுருதியைக் கோத்திருக்கிறார். இரண்டாவது ஏ மேஜர், மூன்றாவது டி மேஜர், நான்காவது ஜி மேஜர். ஏழாவது சி மேஜரில் முடிந்ததும் ஏ மைனர், டி மைனர், ஜி மைனர் என்று வரிசையாக இறங்குகிறது. அந்தக் கண்ணியை அறுத்தால் 16 தனிப் பாட்டுகள்தான் மிஞ்சும். அதனால் எல்லாவற்றையும் ஒரே அளவாக ஒரு கட்டை இறக்கிப் பாடுவது என்று முடிவு. பியானோ வாசிக்கும் தோழிக்குத்தான் கூடுதல் வேலை. விரல்கள் பழகிய இடமெல்லாம் மாறிப்போகும். சரி என்றுவிட்டாள்.

மே 6

முதல் பாட்டிலேயே இன்றைய நேரம் போய்விட்டது. மே மாதம், மொட்டு விரிகிறது, மனதில் காதல். வார்த்தைகளில் இவ்வளவுதான். ஆனால் பியானோ முதல் நொடியிலிருந்தே உரசலான சுரத்தோடு தயங்கித் தயங்கி வருகிறது. கடைசியில் நிற்க வேண்டிய சுரத்துக்குப் போகாமல் அந்தரத்திலேயே நின்றுவிடுகிறது. அவன் காதலிக்கும் பெண் கிடைக்கமாட்டாள் என்பது பியானோவுக்கு அப்போதே தெரியும். அதற்குப் பிறகு எவ்வளவு இடைவெளி விடுவது? மூச்சு எடுக்கும் நேரம் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதிகம் விட்டால் கேட்பவர்கள் இருமவும் தாளைப் புரட்டவும் தொடங்கிவிடுவார்கள், அந்தரத்தில் நின்ற சுரம் வீணாகிவிடும்.

மே 9

மூன்றாவது பாட்டு. அரை நிமிடம் போலத்தான், வாய் நிறைய வார்த்தைகள். நாக்குப் பயிற்சி மட்டும்.

மே 15

ஏழாவது பாட்டு. 'எனக்குக் கோபமில்லை' என்று திரும்பத் திரும்பச் சொல்பவனுக்குக் கீழே பியானோ கனமாக இடித்துக்கொண்டே போகிறது. உச்சத்தில் ஷூமான் இரண்டு வழி கொடுத்திருக்கிறார்: மேலே ஏறலாம், ஏறாமலும் பாடலாம். ஏறுவதாக இருக்கிறேன். அங்கே வேகத்தைக் குறைத்து நீட்டிக் காட்டும் வழக்கம் மட்டும் வேண்டாம். கோபத்தை மறைக்கிறவன் நின்று நிதானமாகக் கத்தமாட்டான்.

மே 24

பதின்மூன்றாவது பாட்டுதான் எனக்குப் பயம். குரல் துணையில்லாமல் தொடங்கும், கிட்டத்தட்ட ஒரே சுரத்தில். வரி முடிந்த பிறகு பியானோ அடியில் இரண்டு மூன்று தட்டு தட்டிவிட்டு ஓய்ந்துவிடும். கனவில் அவள் கல்லறையில் கிடந்தாள், அழுதேன். என்னை விட்டுப் போனாள், அழுதேன். மூன்றாவது கனவில் இன்னும் அன்பாக இருந்தாள், அப்போதும் கண்ணீர் நிற்கவில்லை. பியானோ குரலோடு சேர்வது அந்த மூன்றாவது கனவில்தான். அதனால் முதல் இரண்டு கனவுகளில் அழுகையைக் காட்டக் கூடாது. வெறும் தகவலாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

மே 31

கடைசிப் பாட்டில் ஒரு சவப்பெட்டி. ஹைடல்பர்கின் பெரிய மதுப் பீப்பாயைவிடப் பெரியது. அதை வைக்கும் பாடை மைன்ஸ் பாலத்தைவிட நீளம், தூக்க 12 ராட்சதர்கள். அதில் காதலையும் வலியையும் போட்டுக் கடலில் இறக்கச் சொல்கிறான். நான் பாடுவது அத்தோடு முடிந்துவிடும். அப்புறம் பியானோ மட்டும், ஒரு நிமிடத்துக்கு மேல்.

அந்த நேரத்தில் பாடகி என்ன செய்வது? பலர் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த இசை பன்னிரண்டாவது பாட்டின் முடிவில் ஏற்கனவே வந்தது. அங்கே தோட்டத்துப் பூக்கள் அவனிடம், 'எங்கள் சகோதரியைக் கோபித்துக்கொள்ளாதே' என்கின்றன, அவன் காதலியைத்தான் அப்படிச் சொல்கின்றன. அவன் பதில் சொல்லவில்லை, பியானோதான் தொடர்ந்தது. சவப்பெட்டி மூழ்கிய பிறகு அதே இசை திரும்பி வருகிறது என்றால் பூக்கள் மறுபடி பேசுகின்றன என்றுதான் நான் கேட்கிறேன். பேசுவதைக் கேட்கிறவள் தலை குனியமாட்டாள், நிமிர்ந்து கேட்பாள். பாடாத அந்த நிமிடமும் என் பாட்டுதான்.

ஜூன் 8

கச்சேரி முடிந்தது. பதின்மூன்றாவது நினைத்தபடியே வந்தது. கடைசியில் நான் பியானோ பக்கம் லேசாகத் திரும்பி நின்றேன். யாரும் அவசரப்பட்டுக் கைதட்டவில்லை.

இந்தத் தொடர் முதன்முதலாக முழுதாக மேடை ஏறியது 1861-இல், ஹாம்பர்கில். பாடியவர் யூலியுஸ் ஷ்டாக்ஹவுசன், பியானோ இசையமைப்பாளர் பிராம்ஸ். ஷூமான் 1856-இலேயே இறந்துவிட்டார். மேடையில் முழுதாகக் கேட்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இலையுதிர்காலத்தில் டிரெஸ்டனில் இதே நிகழ்ச்சி. எட்டாவது பாட்டை இன்னும் கொஞ்சம் மெதுவாக எடுக்கலாம் என்கிறாள் தோழி. செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.