மீசை அரும்பியவனும் அரும்பாதவனும்

காரைக்குடி பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் நான். குறுவட்டப் போட்டியில், 14 வயதுக்கு உட்பட்டோருக்கான நூறு மீட்டர் ஓட்டத்துக்குப் பையன்கள் நிற்பதைப் பார்த்தால் அண்ணன் தம்பிகளைச் சேர்த்து நிறுத்தியது போலிருக்கும். சான்றிதழில் எல்லோரும் ஒரே வயதுப் பிரிவுதான். ஆனால் ஒருவனுக்குக் குரல் உடைந்து மீசை அரும்பியிருக்கும். பக்கத்தில் நிற்பவன் இன்னும் குழந்தை முகம் மாறாதவன். மீசைக்காரன் பெரும்பாலும் ஜெயிப்பான். "பிறவித் திறமை சார்" என்பார்கள். அதில் எவ்வளவு திறமை, எவ்வளவு பருவம் என்று அந்த வயதில் பிரித்துச் சொல்லவே முடியாது.

பையன்கள் கிடுகிடுவென்று வளர்வது சராசரியாக 14 வயதை ஒட்டி. பெண் பிள்ளைகள் சுமார் இரண்டு வருடம் முந்திக்கொள்வார்கள். ஆளுக்கு ஆள் இது ஓரிரு வருடம் முன்பின் ஆகும். எப்போது வளர்வான் என்பதிலும் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. அணியில் இடம் கிடைக்காத பையனின் அம்மா ஒருமுறை வந்தார். "இவுக அப்பாவும் பத்தாவது முடிச்சப்புறந்தான் சார் வளந்தாக" என்றார். எலும்பு வளர்ச்சியைப் பார்க்கும் எந்த எக்ஸ்ரேயும் இல்லாமல் அவர் சொன்னது சரியான தகவல். அன்றிலிருந்து பெற்றோரின் உயரத்தையும், அவர்கள் எப்போது வளர்ந்தார்கள் என்பதையும் கேட்டு எழுதி வைக்கிறேன்.

இன்னொரு அப்பா, மரபணுப் பரிசோதனை செய்தால் எந்த விளையாட்டு என்று தெரிந்துவிடுமாமே என்று கேட்டார். ஏசிடிஎன்3 என்று ஒரு மரபணு உண்டு. வேகமாகச் சுருங்கும் தசை இழைகளுக்கு வேண்டிய ஒரு புரதத்தை அது தருகிறது. உலகில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்தப் புரதம் கிடையாது. பெரிய குறுந்தூர ஓட்டக்காரர்களில் அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு. சரி, மீதி நான்கு பேரும் ஓட்டக்காரர்களா? அந்தக் காசுக்கு நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள் என்றேன்.

இங்கிலாந்தில் பிரீமியர் லீக் கால்பந்து அகாடமிகள் சில போட்டிகளில் வயதை விட்டுவிட்டு, வளர்ச்சி நிலையை வைத்துப் பையன்களைப் பிரித்து ஆடவிட்டுப் பார்த்திருக்கின்றன. சீக்கிரம் வளர்ந்தவனுக்கு அங்கே உடம்பு மட்டும் போதாது, ஆட்டமும் தெரிய வேண்டும். எங்கள் மைதானத்தில் வாரம் ஒருநாள் நானும் அப்படிப் பிரிக்கிறேன். வளர்கிற வேகத்தில் முட்டிக்குக் கீழே வலிக்கிறது என்பவனுக்குத் தாவல் பயிற்சியைக் குறைக்கிறேன்; அவனைச் சோம்பேறி என்று திட்டுவது நம்மூர் வழக்கம்.

போட்டி விதி வயதைத்தான் கேட்கிறது. அதனால் குறுவட்டத்துக்கு இன்றும் மீசைக்காரனைத்தான் அனுப்புகிறேன். மற்றவனைப் பயிற்சியிலிருந்து மட்டும் நிறுத்துவதில்லை.