ஆர்லிஸ்டாட் போடுகிறீர்களா? வைட்டமின் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடாதீர்கள்

எடை குறைக்க ஆர்லிஸ்டாட் எடுத்துக்கொள்ளும் பலர் கூடவே ஒரு மல்டிவைட்டமினும் போடுகிறார்கள். நல்ல விஷயம்தான், போடத்தான் வேண்டும். ஆனால் சாப்பிட உட்காரும்போது இரண்டையும் சேர்த்து ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. வைட்டமின் போட வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார்கள், எப்போது போட வேண்டும் என்பதை மட்டும் பல பேருக்கு யாரும் சொல்லவில்லை.

காரணம் தெரிந்துவிட்டால் நேரம் தானாகவே நினைவில் நிற்கும். நாம் சாப்பிடும் கொழுப்பு அப்படியே குடலிலிருந்து ரத்தத்துக்குப் போய்விடாது, இரைப்பையிலும் கணையத்திலும் சுரக்கிற லைபேஸ் என்ற என்சைம் அதை உடைத்துக் கொடுத்தால்தான் உடம்பு எடுத்துக்கொள்ளும். ஆர்லிஸ்டாட் அந்த லைபேஸைப் பிடித்துவைத்து வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. டாக்டர் சீட்டோடு வாங்கும் 120 மில்லிகிராம் காப்ஸ்யூலை மூன்று வேளையும் போட்டால், சாப்பாட்டில் உள்ள கொழுப்பில் ஏறக்குறைய 30 சதவீதம் உடம்பில் சேராமல் மலத்தோடு வெளியேறிவிடும். 60 மில்லிகிராமில் இது சுமார் 25 சதவீதம். இப்படி வெளியேறும் கொழுப்பு தனியாகப் போவதில்லை என்பதுதான் சிக்கல். ஏ, டி, ஈ, கே ஆகிய நான்கும் கொழுப்பில் கரைகிற வைட்டமின்கள், அவற்றிலும் ஒரு பங்கு அதோடு போய்விடும். பி வகைகளும் சி-யும் தண்ணீரில் கரைபவை என்பதால் அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எவ்வளவு இழப்பு என்று கேட்டால், மாத்திரையாகப் போடும் வைட்டமின் ஈ உடம்பில் சேர்வது சுமார் 60 சதவீதமும், உடம்பு வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்கிற பீட்டா கரோட்டின் சேர்வது 30 சதவீதமும் குறைவதாக மருந்தின் விவரக் குறிப்பிலேயே இருக்கிறது. சின்ன எழுத்தில் மடித்து வைத்திருக்கும் அந்தத் தாளை ஒருமுறையாவது பிரித்துப் படியுங்கள்.

சரி, எப்போது போடுவது? ஆர்லிஸ்டாட் போடுவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்போ, போட்ட பிறகு 2 மணி நேரம் கழித்தோ. இதைவிடச் சுலபமான வழி இரவு படுக்கப் போகும்போது போடுவது, நானும் அப்படித்தான் செய்கிறேன். அதிலும் ஒரு கவனம் வேண்டும்: இரவுச் சாப்பாடு முடித்ததும் படுத்துவிடுகிற பழக்கம் இருந்தால் இந்த இடைவெளி கிடைக்காது, அப்படிப்பட்டவர்கள் பகலில் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே ஒரு நேரத்தை ஒதுக்கிக்கொள்வது நல்லது. வாங்கும்போது மாத்திரையில் ஏ, டி, ஈ, கே நான்கும் இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பி-காம்ப்ளெக்ஸை வாங்கிக்கொண்டு வைட்டமின் போடுகிறேன் என்று நிம்மதியாக இருந்தால் எதற்காகப் போடச் சொன்னார்களோ அது நடக்காது.

வைட்டமின் டி பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். உடல் எடை அதிகமாக இருப்பவர்களுக்கு ரத்தத்தில் டி அளவு ஏற்கெனவே குறைவாக இருப்பது சகஜம், அதன்மேல் இந்த மருந்தும் சேர்கிறது. அப்புறம், டி மாத்திரையைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட்டால் நன்றாகச் சேரும் என்று பொதுவாகச் சொல்வார்கள் இல்லையா, அது மற்றவர்களுக்குச் சரியான அறிவுரைதான், ஆனால் அதே சாப்பாட்டோடு ஆர்லிஸ்டாட்டும் போடுகிறவர்களுக்குப் பொருந்தாது. வாரம் ஒருமுறை போடும் அதிக அளவு டி காப்ஸ்யூலாக இருந்தால் இன்னும் கவனம் தேவை, நேரம் தவறினால் அந்த வாரத்துக்கானதில் ஒரு பங்கு போய்விடும். மாதக்கணக்கில் இந்த மருந்தைத் தொடர்கிறவர்கள் டி அளவைப் பரிசோதிக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

இழப்பை ஈடுகட்டலாம் என்று இரண்டு மூன்று மாத்திரையாகக் கூட்டிப் போட வேண்டாம். ஏ, டி இரண்டும் உடம்பில் தங்கிச் சேர்கிறவை, அளவு மீறினால் கெடுதல். அதிக வைட்டமின் ஏ வயிற்றிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும். ஆர்லிஸ்டாட்டும் கர்ப்பிணிகள் எடுக்கக் கூடாத மருந்துதான்.

ஒரு வேளை சாப்பிடவில்லை, அல்லது சாப்பிட்டதில் கொழுப்பே இல்லை என்றால் அந்த வேளை ஆர்லிஸ்டாட்டை விட்டுவிடலாம். வைட்டமினை விட வேண்டியதில்லை.

வேறு மருந்துகள் எடுப்பவர்கள் இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு வைட்டமின் கே குறைந்தால் மருந்தின் வேகம் மாறிவிடும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை அடிக்கடி பார்க்க வேண்டிவரும், கே உள்ள மல்டிவைட்டமினைத் தாங்களாகவே தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. தைராய்டுக்கு லெவோதைராக்சின் போடுகிறவர்கள் அதற்கும் ஆர்லிஸ்டாட்டுக்கும் நடுவே 4 மணி நேரம் விட வேண்டும், மாற்று உறுப்பை உடம்பு நிராகரிக்காமலிருக்கப் போடும் சைக்ளோஸ்போரினுக்கு 3 மணி நேரம். வலிப்பு மாத்திரை எடுப்பவர்கள் ஆர்லிஸ்டாட்டைத் தொடங்குவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே 60 மில்லிகிராம் வாங்க முடிகிற நாடுகளில் இதையெல்லாம் கேட்க எதிரில் டாக்டர் இருக்க மாட்டார், அதனால் நீங்கள் எடுக்கும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் எழுதிக்கொண்டுபோய் மருந்தாளுநரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.