சித்தப்பாவின் புல்லட்டுக்கு வேறு என்ஜின்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் ஒரு வியூ பாயிண்ட் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் கீழேதான் 2019 கடைசியில் சித்தப்பாவின் புல்லட் நின்றுபோனது. பிஸ்டனைச் சுழல் தண்டான கிராங்கோடு இணைக்கும் கன்ராட் முறிந்து, என்ஜினின் கீழ்க்கூடான சேம்பரைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. டெம்போவில் ஏற்றிப் பொள்ளாச்சிக்குக் கொண்டுவந்தோம். அடுத்து லாக்டவுன், அதன் பிறகு சித்தப்பாவுக்கு முட்டியில் ஆபரேஷன். வண்டி சாளைக்குள் தார்ப்பாய் மூடியபடி மூன்றரை வருடம் கிடந்தது.

அது 1984 மாடல் 350 சிசி, இரும்பு என்ஜின். 1991இல் சித்தப்பா அதைத் தன் கையாலேயே மாற்றினார். நீளமான சீட்டைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட் போட்டார். ஹேண்டில் பாரைக் கொஞ்சம் உயர்த்தி, தன் நெஞ்சளவுக்கு வளைத்து வாங்கினார். டேங்குக்கு நாமக்கல்லில் லாரிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த ஒருவரைக் கூட்டிவந்து கரும்பச்சை அடித்து, மேலே மஞ்சளில் லைனிங் போட வைத்தார். கையால் இழுத்த கோடு. இடது பக்கம் முட்டி உரசும் இடத்தில் மட்டும் தேய்ந்திருக்கிறது. வலது பக்க டைமிங் கவரை அவரே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிறகு பஃபிங் பண்ணி முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பாக்கினார். இவ்வளவு செய்தவர் சேஸில் ஒரு இடத்தில்கூட வெல்டிங் வைக்கவில்லை. அதனால்தான் இந்த வேலையே சாத்தியமானது.

பார்த்தவர்கள் எல்லாம் பிந்தைய புல்லட்டின் யு.சி.இ (யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன்) என்ஜினைப் போடச் சொன்னார்கள். அந்த என்ஜினில் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். பழைய இரும்பு என்ஜினில் கியர் பாக்ஸ் தனி. சேம்பரின் பின்பக்கத்தோடு நான்கு ஸ்டட்டில் பிடித்திருக்கும். சேஸுக்குக் கீழே தொட்டில் மாதிரி குழாய் கிடையாது, என்ஜினே சேஸின் ஒரு பாகமாக நிற்கும். யு.சி.இ உட்கார வேண்டுமென்றால் சேஸை வெட்டித்தான் ஆக வேண்டும். அப்படி வெட்டினால் அது சித்தப்பாவின் வண்டியாக இருக்காது. சட்டமும் விடாது. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. அதே வகை என்ஜினை மாற்றுவதற்குச் சட்டத்தில் வழி உண்டு. ஆகவே, இரும்பு என்ஜின்தான் என்று முடிவு செய்தேன். 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா கம்பெனி, திருவொற்றியூரில் இந்த என்ஜினை அடிப்படையில் பெரிதாக மாற்றாமல் பல பத்தாண்டுகள் செய்துகொண்டே இருந்தது. இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய வரம். 1987 என்ஜினின் பாகம் 1984 வண்டியில் தடையில்லாமல் உட்காரும்.

முதலில் கோயம்புத்தூரில் ஒரு பழைய சாமான் கடையில் ஒன்று கிடைத்தது. விலை குறைவு, கிக்கரை மிதித்தால் நல்ல கம்ப்ரஷன். ஆனால் இடதுபக்கச் சேம்பரில், சிலிண்டர் பிளாக் உட்காரும் இடத்துக்குக் கீழே, என்ஜின் நம்பர் இருக்கும் மேடையில் அரம் போட்ட கீறல் தெரிந்தது. நம்பர் எழுத்துகள் ஒரே வரிசையில் இல்லை. எவ்வளவு நல்ல என்ஜினாக இருந்தாலும் இப்படிப்பட்டதைத் தொடவே கூடாது. யாரோ ஒருவருடைய வண்டி திருடுபோயிருக்கலாம், அந்த வலி நமக்கு வேண்டாம்.

பிறகு சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தேன். மூன்றாவது தெருவில் ஒரு கடைக்காரர், பின்பக்கம் துருப்பிடித்து ஒடிந்த சேஸோடு ஒரு 1987 என்ஜினை வைத்திருந்தார். ஆர்சி புக் இருந்தது, உரிமையாளரின் கையெழுத்துக் கடிதமும் இருந்தது. நம்பரைத் துணியால் துடைத்து மொபைல் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. சேம்பரின் இரண்டு பாதிகளும் ஒரே ஜோடிதானா என்றும் பார்க்க வேண்டும். பேரிங் உட்காரும் துளைகளை இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் கடைசல் செய்திருப்பார்கள். வேறொரு பாதியை மாட்டினால் கிராங்க் நேராக நிற்காது. இணையும் கோட்டில் விரல் நகத்தை ஓட்டினேன், எங்கும் தட்டவில்லை. 35,000 ரூபாய் சொன்னார், 31,000க்கு முடிந்தது. "ரன்னிங் கண்டிஷன் தம்பி, அப்படியே மாட்டலாம்" என்றார்.

அப்படியே மாட்டவில்லை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் மனதில் நிற்க வேண்டுமென்றால், அது இதுதான்: ஓடுகிற என்ஜின் என்று யார் சொன்னாலும் திறந்து பாருங்கள். பொள்ளாச்சியில் நாற்பது வருடமாகப் புல்லட் மட்டுமே பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஹெட்டையும் பிளாக்கையும் எடுத்துவிட்டு, கன்ராடை மேலே கொண்டுவந்து இரண்டு கையாலும் பிடித்தார். பக்கவாட்டில் ஆடினால் பரவாயில்லை, மேலும் கீழும் ஆடக் கூடாது. "கைய வெச்சுப் பாருங்க" என்று என்னிடம் கொடுத்தார். மிக லேசாக, 'டொக்' என்று ஒரு தட்டு விரல் நுனியில் தெரிந்தது. காதுக்குக் கேட்கவில்லை. பழைய புல்லட்டில் கன்ராட் கிராங்கோடு சேரும் பிக் எண்டில் ரோலர் பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ் என்ற உலோக வளையம்தான். ஆயில் சரியாகப் போகாமல் கொஞ்ச நாள் ஓடினாலே அது தேய்ந்துவிடும். சித்தப்பாவின் கன்ராட் முறிந்ததற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும். அதே தட்டை விட்டு மாட்டியிருந்தால் இன்னொரு கொண்டை ஊசி வளைவில் நின்றிருப்போம்.

கோயம்புத்தூரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. கிராங்கை அழுத்திப் பிரித்து, புதுக் கன்ராட், புது புஷ், புது பின் போட்டு, இரண்டு சென்டருக்கு நடுவில் நிறுத்தி டயல் கேஜ் வைத்தார்கள். பட்டறைக்காரர் செம்புச் சுத்தியலால் ஒரு தட்டு, சுற்றிப் பார்ப்பு, மறுபடி ஒரு தட்டு என்று ஒன்றரை மணி நேரம் செய்தார். முள் 0.05 மில்லிமீட்டருக்குள் வந்த பிறகுதான் கிராங்கைக் கீழே இறக்கினார். பிளாக்குக்கு 20 ஓவர்சைஸ் போரிங் (தேய்ந்த துளையைக் கொஞ்சம் பெரிதாகக் கடைவது), அதற்குப் பொருந்தும் பிஸ்டன். அசலில் 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். இந்த நீளமான ஸ்ட்ரோக்தான் அந்த நிதானமான சத்தத்தைத் தருகிறது. எல்லாம் சேர்த்து 19,000 ரூபாய் ஆனது.

பழைய என்ஜினில் மிச்சமிருந்ததை எல்லாம் புதிதில் சேர்த்துக்கொண்டோம். சித்தப்பாவின் ஹெட் நன்றாக இருந்ததால் வால்வு கிரைண்டிங் செய்து அதையே போட்டோம். டைமிங் கவரும் அவருடையதுதான். மெக்கானிக் அண்ணன் அதை மாட்டுவதற்கு முன் ஒரு துணியில் சுற்றி, தனியாக ஒரு ஸ்டூலில் வைத்திருந்தார்.

என்ஜினை சேஸில் ஏற்ற மூன்று பேர் வேண்டும். டேங்கையும் கார்புரேட்டரையும் எடுத்துவிட்டு, டேங்க் மீது கீறல் விழாமல் இருக்க அதை வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். நான்கு ஸ்டட்டையும் ஒரேயடியாக முறுக்கக் கூடாது, எல்லாவற்றையும் தளர்வாகப் பிடித்துவிட்டு முன்பக்கப் போல்ட்டும் நுழைந்த பிறகே இறுக்க வேண்டும். பிரைமரி செயினின் தொய்வு கால் அங்குலம். அதில் பெரிய கதை ஒன்றும் இல்லை.

ஆயில்தான் பெரிய கதை. புதிதாகப் பூட்டிய என்ஜினில் பம்ப் காய்ந்திருக்கும். அப்படியே ஸ்டார்ட் பண்ணினால் முதல் நிமிடத்திலேயே புஷ் போய்விடும். 20W50 ஆயிலை ஊற்றி, டைமிங் கவருக்குள் இருக்கும் ஃபில்டர் அறையையும் ஆயிலால் நிரப்பினோம். பிளக்கைக் கழற்றிவிட்டு நான் ஐம்பது, அறுபது முறை கிக் பண்ணினேன். ஹெட்டுக்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாயின் போல்ட்டை அண்ணன் தளர்த்தி வைத்திருந்தார். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு குமிழி, இன்னொரு குமிழி, அப்புறம் தேன் நிறத்தில் ஒரு சொட்டு. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதி சொல்லி மாளாது.

பிளக் நெருப்புப் பொறி விடும் நேரத்தை, அதாவது டைமிங்கை, நானே வைக்கிறேன் என்று கேட்டேன். பொறியைக் கிளப்பும் சின்ன ஸ்விட்சான பாயிண்ட்டின் இடைவெளி 0.35இலிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள். பிளக் துளையில் சைக்கிள் ஸ்போக் விட்டு பிஸ்டன் உச்சிக்கு வருவதைப் பார்த்து, அதற்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால் பாயிண்ட் திறக்க வேண்டும். திறக்கும் கணத்தைக் கண்டுபிடிக்க, வளையல் சுற்றிவரும் மெல்லிய தாளைப் பாயிண்ட்டுக்கு நடுவில் வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே என்ஜினைச் சுற்றினேன். பிடித்திருந்த தாள் விடுபடும் இடம்தான் கணக்கு. அழகாக வந்தது. ஆனால் கிக் பண்ணினால் கார்புரேட்டர் வழியாகத் திருப்பி அடித்தது, 'டுப்' என்று நீல நெருப்பு. நான்கு முறை அப்படியே.

அண்ணன் டேப்பட் கவரைத் திறந்து, வால்வுகளைத் திறக்கும் இரண்டு புஷ்ராடையும் விரலால் சுற்றிப் பார்க்கச் சொன்னார். ஒன்று சுற்றவில்லை. பிஸ்டன் உச்சிக்கு இரண்டு தடவை வரும்: கம்ப்ரஷனில் ஒரு தடவை, புகை வெளியேறும்போது ஒரு தடவை. பாயிண்ட் கேம் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் தவறான உச்சியில் வைத்துவிட வாய்ப்பு இருக்கிறது. இரண்டு புஷ்ராடும் விடுதலையாகச் சுற்றினால்தான் அது கம்ப்ரஷன் உச்சி. அதைப் பார்க்காமல் வைத்திருந்தேன். திரும்ப வைக்க இருபது நிமிடம்.

சாவியைப் போட்டு, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக இறக்கி, சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லிவரைப் பிடித்து ஒரு இஞ்ச் தாண்டவிட்டு, லிவரை விட்டுவிட்டு முழுசாக ஒரு மிதி. பிடித்துக்கொண்டது. ஆனால் ஐட்லிங் ஏறி ஏறி இறங்கியது. கார்புரேட்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் அண்ணன் இரண்டு சொட்டு ஆயில் விட்டார், உடனே சத்தம் மாறியது. காற்று அங்கே இழுக்கிறது. கார்புரேட்டரின் முகத்தைக் கண்ணாடித் தகட்டில் உப்புத்தாள் ஒட்டி, எட்டு போடுவது மாதிரி பத்து நிமிடம் தேய்த்ததும் சரியானது.

பேப்பர் வேலையை விட்டுவிடக் கூடாது. என்ஜினை மாற்றினால் 14 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது. கடை பில், பழைய ஆர்சி, விற்றவர் கடிதம், திருட்டு வழக்கில் இல்லை என்று போலீஸில் வாங்கிய சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்தோம். பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து சேஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் தாளோடு ஒப்பிட்டார். சேஸில் வெட்டு, வெல்டிங் இருக்கிறதா என்று கழுத்திலிருந்து பின்சக்கரம் வரை கையால் தடவிப் பார்த்தார். ஆர்சியில் புது நம்பர் ஏறியது.

முதல் 500 கிலோமீட்டர் நாற்பதுக்கு மேல் போகவில்லை. முதல் நாள் ஓட்டிவிட்டு நேராகச் சித்தப்பா வீட்டு வாசலில் நிறுத்தினேன், ஆஃப் பண்ணவில்லை. அவர் கைத்தடியை ஊன்றி வந்தார். டேங்கில் கை வைத்தார், மஞ்சள் கோட்டைக் கட்டை விரலால் ஒருமுறை தடவினார். ஐந்து நிமிடம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் மெல்ல இறங்கி என்ஜின் நின்றது.

"சூடானதும் நிக்குது பாரு கண்ணு. எக்ஸாஸ்ட் டேப்பட் டைட்டு. இப்பத் தொடாதே, காத்தால வா."

மறுநாள் காலை ஆறரை மணிக்குப் போனேன். என்ஜின் பனியில் குளிர்ந்திருந்தது. டேப்பட் கவரின் நட்டைக் கழற்றி எக்ஸாஸ்ட் புஷ்ராடைச் சுற்றினேன். வரவில்லை. சித்தப்பா நாற்காலியை வண்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டி என்னிடமிருந்த ஸ்பேனரை வாங்கிக்கொண்டார்.