நான்காவது போல்ட்

"நான் கால எடுக்கல சார்." டம்பரை ஓட்டிய ஆபரேட்டர் இதை இரண்டு தடவை சொன்னார். முதலில் மேட்டுப் பாதையில், சீட்டை விட்டு இறங்காமலே. அப்புறம் சாயங்காலம், ஷிப்ட் இன்சார்ஜ் முன்னால் நின்றுகொண்டு. இரண்டு தடவையும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். இரண்டு தடவையும் பேசவில்லை.

லோடோடு மேடேறிய டம்பர் பாதி வழியில் நின்றுவிட்டது. பின்சக்கரங்களின் ஸ்பிரிங் பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் ஹோஸ் வெடித்திருந்தது. காற்று போனால் பிரேக்கும் போச்சு என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். ஃபுட் பிரேக்கைப் பொறுத்தவரை அது சரி. பார்க்கிங் பிரேக் அப்படியே தலைகீழ். பின்சக்கர பிரேக் சேம்பரின் பின்பாதியில் ஏறக்குறைய ஒரு டன் விசையோடு தள்ளும் ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. காற்று அதை அமுக்கி வைத்திருக்கும்வரைதான் சக்கரம் சுழலும். காற்று போனதும் ஸ்பிரிங் விரிந்து ராடைத் தள்ளும், ராடு ஸ்லாக் அட்ஜஸ்டர் என்கிற நெம்புகோலைத் திருப்பும், பிரேக் ஷூ டிரம்மில் போய் உட்காரும். அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்தது. வண்டி தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது.

அந்தப் பிரேக்கை விடுவிக்க முடிவெடுத்தவன் மெக்கானிக்கான நான். பின்னால் லோடோடு இன்னும் மூன்று வண்டிகள் அதே சரிவில் நின்றன. அதுவும் ஆபத்துதான், இதை நான் சாக்குக்காகச் சொல்லவில்லை. இழுத்துப்போக வேண்டிய டோசர் கீழே இருந்து ஏறி வர இருபது நிமிடம் ஆகும் என்று வயர்லெஸில் சொன்னார்கள். அது வருவதற்குள் ஸ்பிரிங்குகளைப் பூட்டி வைத்துவிட்டால் வந்ததும் இழுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சேம்பரின் பின்னால் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி, நீள போல்ட்டை உள்ளே விட்டு, கால் சுற்றுத் திருப்பி மாட்டி, நட்டை இறுக்கினால் ஸ்பிரிங் சுருங்கி அப்படியே நின்றுவிடும். வண்டியை இழுத்துச் செல்வதற்கென்றே கொடுத்திருக்கும் வழிதான் அது, குறுக்கு வழி இல்லை. ஆனால் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, இழுக்கிற வண்டியோடு இணைக்கும் டோ பாரையும் மாட்டிய பிறகு செய்ய வேண்டியது.

கட்டை போட்டேன். ஆபரேட்டரை ஃபுட் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கச் சொன்னேன். டேங்குகளில் காற்று மிச்சம் இருந்தது, மீட்டரில் 5 பாருக்கு மேல் காட்டியது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததால் கம்ப்ரஸரும் ஏற்றிக்கொண்டுதான் இருந்தது. என் ஹெல்பர் பையன் ஸ்பேனரோடு அடியில் போனான். மூன்று போல்ட் முடிந்ததும் தலையை மட்டும் வெளியே நீட்டிக் கேட்டான்: "அண்ணே, இதையும் பூட்டிட்டா அப்புறம் வண்டிய எதுண்ணே பிடிக்கும்?"

"ஃபுட் பிரேக் இருக்கு, கட்டை இருக்கு, நான் இருக்கேன்ல. திருகு."

நான்காவது நட்டு முக்கால்வாசி இறுகியபோது வண்டி ஒரு சாண் பின்னால் வந்தது. ரப்பர் கட்டை டயருக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கிய சத்தம் நன்றாக நினைவிருக்கிறது. பையன் கத்தவில்லை. முழங்கையை ஊன்றி, முதுகு தேய வெளியே வந்து, எழுந்து நின்று கையைத் துடைத்துக்கொண்டான். நான் கேபினைப் பார்த்துக் கத்தினேன், கால எதுக்குய்யா எடுத்தே என்று. அவர் எடுக்கவில்லை என்றார். கீழே விழுந்த ஸ்பேனரை நான் போய் எடுத்து வைத்தேன்.

டோசர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. மாட்டி, இழுத்து, பாதையைத் திறந்துவிட்டோம். முன்கூட்டியே பூட்டியதில் மிச்சமான நேரம் பத்து நிமிடம் இருக்கலாம்.

மறுநாள் ஹோஸ் மாற்றும்போது நான்கு சேம்பர்களிலும் ராடு எவ்வளவு வெளியே வருகிறது என்று அளந்தேன். 50 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இரண்டில் அதைத் தாண்டியிருந்தது, ஒன்றில் கிட்டத்தட்ட 60. ஷூ தேயத் தேய ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருகிக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் ராடு நீண்டுகொண்டே போகும். ஓர் அளவுக்கு மேல் நீண்டால், காற்று வந்து ராடைத் தள்ளும் ரப்பர் தகடான டயாஃப்ரம் சேம்பரின் சுவரில் போய் முட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் காற்று முழுசாக வந்தாலும் தள்ளுவதற்கு இடமில்லை. மீட்டர் 5 பார் காட்டும், பெடல் காலுக்குக் கெட்டியாகவே இருக்கும், சக்கரத்தில் மட்டும் பிடிப்பு இருக்காது. அது மட்டுமில்லை. ஸ்பிரிங் பிரேக், ஃபுட் பிரேக் என்று இரண்டு பெயர் இருந்தாலும் பின்சக்கரத்தில் ராடு ஒன்றுதான், ஷூவும் ஒன்றுதான். ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்று பையனிடம் சொன்னேனே, அந்த இரண்டும் ஒரே தேய்மானத்தில் நின்றுகொண்டிருந்தன.

அந்த ஸ்லாக்கைப் பார்க்க வேண்டியது என் ஷிப்ட்.

ஆனாலும் ஆபரேட்டர் காலைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கவே மாட்டார் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அத்தனை நேரம் ஒரே அழுத்தத்தில் மிதித்துக்கொண்டிருந்தால் கால் மரத்துப்போகும், தானாகவே தளரும். முன்சக்கரப் பிரேக் வேறு நன்றாகத்தான் இருந்தது. சில நாள் இப்படி நினைத்து மனதைத் தேற்றிக்கொள்வேன். சில நாள் அந்த 60 மி.மீ. கண் முன்னால் வந்து நிற்கும். அப்போது அவர் இரண்டாவது தடவை சொன்னபோது குரல் இறங்கியிருந்ததும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

அதற்குப் பிறகு டோ பார் மாட்டாமல் யாரையும் போல்ட்டைத் தொட விட்டதில்லை. ராடு அளப்பதை வாரா வாரம் நானே செய்கிறேன். ஆனால் அன்றைய லாக் புத்தகத்தில் என் கையெழுத்தில் இருப்பது ஒரே வரி: "ஹோஸ் மாற்றப்பட்டது, ஸ்லாக் சரிசெய்யப்பட்டது." எவ்வளவு இருந்தது என்று எழுதவில்லை. சம்பவ அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் "ஆபரேட்டர் கவனக்குறைவு" என்று இன்சார்ஜ் எழுதினார். நான் அளப்பதற்கு முந்தின நாளே எழுதிவிட்டார். அளந்த பிறகு அதை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. பையனிடமும் சொல்லவில்லை. அந்த ஆபரேட்டர் வண்டியில் ஏறினால் அவன் இன்னமும் இரண்டு கட்டை கூடுதலாகப் போடுகிறான்.