‘போர்டு போச்சு’ என்றார்கள், போகவே இல்லை

"போர்டு போச்சு சார், புதுசு வாங்கிடுங்க." கீபோர்டைப் பையிலிருந்து முழுதாக வெளியே எடுப்பதற்குள் சர்வீஸ் சென்டரில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. மாடல் பழசாம், ஸ்பேர் வராதாம். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஏனென்றால் உள்ளே இருக்கும் அந்தச் சர்க்யூட் போர்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை, இப்போதும் அதே கீபோர்டில்தான் வாசிக்கிறேன்.

வீட்டுக்கு வந்திருந்த ஒரு குழந்தையின் கை பட்டு, டம்ளர் நிறைய இனிப்புப் பானம் நடுக் கட்டைகள் மேல் கொட்டிவிட்டது. உடனே அடாப்டரைப் பிடுங்கி, பேட்டரிகளையும் கழற்றி, கீபோர்டைக் கவிழ்த்து வைத்தோம். பேட்டரியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஈரம் இருக்கும்போது மின்சாரமும் இருந்தால் செம்புத் தடங்கள் மளமளவென்று அரித்துப்போகும். ஹேர் டிரையரைச் சூடாக வைத்து ஊதவும் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

வெறும் தண்ணீர் என்றால் காய்ந்ததும் அநேகமாகப் பிழைத்திருக்கும். சர்க்கரை அப்படி விடாது. காய்ந்த பிறகு போட்டுப் பார்த்தால் நாலைந்து கட்டைகள் ஊமை. பக்கத்தில் இருந்த சில கட்டைகளோ மெதுவாகத் தொட்டாலும் அலறின. அந்த அலறலை வைத்துத்தான் போர்டு உயிரோடு இருக்கிறது என்று எனக்குப் பட்டது. அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் மாறும் கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ரப்பரில் இரண்டு கார்பன் பொட்டுகள் இருக்கும். ஒன்று முந்தித் தொடும், மற்றது பிந்தித் தொடும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்துத்தான் நாம் எவ்வளவு வேகமாகத் தட்டினோம் என்று கருவி கணக்குப் போடுகிறது. முதல் பொட்டில் அழுக்கு ஏறி அது தாமதமாகத் தொட்டால் இடைவெளி குறைந்துவிடும், கருவி அதை ஓங்கித் தட்டியதாக எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டரில் இணைத்து, ஒவ்வொரு தட்டலின் வேகத்துக்கும் கருவி அனுப்பும் மிடி எண்களைப் பார்த்தேன். 1 முதல் 127 வரை வரவேண்டிய இடத்தில், அந்தக் கட்டைகள் எப்படித் தொட்டாலும் 127ஐ ஒட்டியே காட்டின. இதைச் சொன்னபோது சர்வீஸ் சென்டர் கவுன்டரில் இருந்தவர், "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார்" என்றார். சரி என்று கீபோர்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த கடைக்காரர் தன்மையாகத்தான் பேசினார். ஆனால் "நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க" என்றே இழுத்தடித்தார். கடைசியில் கொடுத்தபோது எல்லாக் கட்டைகளும் பேசின. வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளிலேயே முன்பு நன்றாக இருந்தவையும் சேர்ந்து படுத்துவிட்டன. துருப்பிடித்த கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை உள்ளே அடித்திருக்கிறார்கள். கார்பன் பொட்டு தொடும் இடத்தில் எண்ணெய் படிந்தால் தூசி ஒட்டும், சிலிகான் ரப்பர் எண்ணெயை உறிஞ்சி உப்பவும் செய்யும். போதாததற்கு, குட்டையான ஸ்க்ரூ போகவேண்டிய ஓட்டையில் நீளமானதை முடுக்கி, மேல் பக்கம் ஒரு சின்னப் பரு மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. சில ஸ்க்ரூக்களைக் காணவே இல்லை. எங்காவது ரிப்பேருக்குக் கொடுப்பதாக இருந்தால், "உள்ளே என்ன ஊற்றிச் சுத்தம் செய்வீர்கள்?" என்று முதலில் கேளுங்கள். பதில் ஸ்ப்ரே என்றால் அப்படியே திரும்பிவிடலாம்.

அப்புறம் நானே திறந்தேன். என்னுடையது அடாப்டரில் ஓடுவது, உள்ளே இருப்பது குறைந்த வோல்ட்தான். சுவரிலிருந்து வரும் மின்கம்பி நேராக உள்ளே போகும் மாடல் என்றால் இந்த வேலைக்குப் போகாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

அடியில் ஸ்க்ரூக்கள் எக்கச்சக்கம். ஓர் அட்டையில் கீபோர்டின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றக் கழற்ற அந்தந்த இடத்திலேயே குத்தி வைத்தேன். நீளம் குட்டை குழப்பமே வரவில்லை. ரிப்பன் கேபிள்களை, அதாவது நாடா மாதிரித் தட்டையான கம்பிகளை, கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கட்டைகள் தனித்தனியாக வரும் என்று இழுக்கவும் வேண்டாம். பல மாடல்களில் ஒரு ஸ்தாயிக்கான வெள்ளைக் கட்டைகள் இரண்டு சீப்புகளாக ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும், கறுப்பு தனிச் சீப்பு. கட்டைகள் உரசும் இடத்தில் இருக்கும் கிரீஸை அழுக்கு என்று துடைத்துவிடாதீர்கள். அது போனால் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் டக் டக் என்று கேட்கும்.

சுத்தம் செய்வதில்தான் பெரிய விஷயம் இருக்கிறது. எல்லோரும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் என்றே சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் சர்க்கரை அதில் சரியாகக் கரையாது. அதனால் முதலில் பஞ்சுக் குச்சியை டிஸ்டில்ட் வாட்டரில் லேசாக நனைத்து போர்டிலிருந்த பிசுபிசுப்பை எடுத்தேன். பிறகு 99 சதவீத ஆல்கஹாலால் துடைத்ததும் மிச்ச ஈரமும் போய்விட்டது. கை கழுவும் சானிடைசரை வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், அதில் கிளிசரின் போன்றவை கலந்திருக்கும். கார்பன் பொட்டுகள் இருக்கும் ரப்பர் ஸ்ட்ரிப்புகளைக் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம் கலந்த தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் இன்னொரு முறை அலசி, நிழலில் முழுசாகக் காயவிட்டேன். ஸ்ப்ரே எண்ணெய் போனதும் இதில்தான். கார்பன் பொட்டை அழிப்பானால் தேய்க்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், தேய்த்தால் கார்பனே போய்விடும்.

ஸ்ட்ரிப்பைத் திரும்ப மாட்டும்போது அதன் குட்டிக் காம்புகள் எல்லாம் ஓட்டைக்குள் முழுசாக இறங்கவேண்டும். மழுங்கிய முனையால் மெதுவாக அழுத்தினால் போதும். ஒன்று எழும்பி நின்றாலும் அந்தக் கட்டை சரியாகப் பேசாது. ரப்பருக்கு அடியில் ஈரம் தங்கியிருந்தால், அழுத்திய கட்டை மேலே வர யோசிக்கும்.

மாட்டி, மூடாமலேயே ஆன் செய்து பார்த்தால், வயிறு கலங்கிவிட்டது. முன்பு பேசிய கட்டைகளில் சில இப்போது ஊமை. ஆனால் கவனித்தால், ஊமைக் கட்டைகள் சம இடைவெளியில் வரிசையாக இருந்தன. அழுக்கு இவ்வளவு ஒழுங்காகப் படியாது. கட்டைகளைக் கூட்டம் கூட்டமாக ஒரே கம்பியில் சேர்த்துத்தான் கருவி படிக்கிறது, ஆக ஏதோ ஒரு கம்பி தொடவில்லை என்று அர்த்தம். பார்த்தால் ரிப்பன் கேபிளின் ஒரு ஓரம் மயிரிழை எழும்பியிருந்தது. அழுத்தியதும் ஊமைகள் அத்தனையும் பாடின. அந்தச் சர்வீஸ் சென்டர்காரரை அந்த நிமிஷம் பக்கத்தில் நிற்கவைத்து ஒரு ஸ்கேல் வாசித்துக் காட்டவேண்டும் போல இருந்தது!

இப்போது மேலே துணி உறை போட்டு வைக்கிறேன். இறுக்கமான பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். பைக்குள் சிலிகா ஜெல் பொட்டலங்கள் கிடக்கின்றன. பேட்டரியை உள்ளே விட்டு மாதக்கணக்கில் வைப்பதில்லை, கசிந்தால் ஸ்பிரிங்கை அரித்துவிடும். அடாப்டரை இரவல் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பின் பொருந்துகிறது என்று சொருகிவிடாதீர்கள். யமஹாவின் 12 வோல்ட் அடாப்டர்களில் நடு முனை பாசிட்டிவ், கேசியோவின் பழைய 9 வோல்ட் அடாப்டரில் நடு முனை நெகட்டிவ். கருவியின் பின்பக்கம் வட்டம் போட்டுக் காட்டியிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டுச் சொருகுங்கள்.

உப்பிப்போன ஒரு ஸ்ட்ரிப்பின் கட்டைகள் மட்டும் இன்னும் கொஞ்சம் சொதசொதவென்று இருக்கின்றன. ஸ்பேர் வராது என்றார்கள் அல்லவா? ஸ்ட்ரிப்பின் ஓரத்தில் அச்சடித்திருந்த எண்ணைப் போட்டுத் தேடினேன். அதே ஸ்ட்ரிப் பல மாடல்களுக்குப் பொதுவாம், தனியாகவே விற்கிறார்கள். ஆர்டர் போட்டாகிவிட்டது.