ஐசியூவிலிருந்து வீடு திரும்பிய பிறகு

வேறொருவரின் ஸ்டெம் செல் (ரத்தத்தை உருவாக்கும் மூலச்செல்) ஏற்றி, ஐசியூவையும் தாண்டி வந்தவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு: காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். மாத்திரை சூட்டைத்தான் மறைக்கும், கிருமியை அல்ல. உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

டாக்ரோலிமஸ் (ஏற்றிய செல்கள் உடலைத் தாக்காமல் அடக்கி வைக்கும் மருந்து) ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் நாளில் காலை மாத்திரையைக் கையில் எடுத்துப் போய், ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். முன்பே போட்டால் அளவு கூடுதலாகக் காட்டும், டோஸைக் குறைப்பார்கள், ஏற்றிய செல்கள் தோலையும் குடலையும் தாக்கத் தொடங்கலாம். பூஞ்சைக்கான வோரிகோனசோலை நிறுத்தினாலும் டாக்ரோலிமஸ் அளவு இறங்கும். டாக்டருக்குத் தெரியாமல் நிறுத்தவே வேண்டாம்.

சின்ன வயதுத் தடுப்பூசிகளைத் திரும்பப் போட வேண்டும். எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா) போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் 2 வருடத்துக்கு முன் கூடாது.

தொடை மெலிந்திருக்கும். பக்கத்தில் ஆள் நிற்க, நாற்காலியிலிருந்து தினமும் எழுந்து உட்காரட்டும்.